இலையின் நுனி வலப்பக்கம் இருந்தது

வாழ்த்துரை என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். சால்வையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அதை மடித்து உள்ளே வையுங்கள். மூளையில் அடிபட்டவர்களுக்கு மறுபடி உண்ணவும் உடுக்கவும் வேலை பார்க்கவும் பழக்கித் தருகிற தெரபிஸ்டாக முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான். இன்றைக்கு எனக்கு வாழ்த்த வாய் வரவில்லை. காலையில் உங்கள் பிரிவைச் சுற்றிக் காட்டினீர்களே, அப்போதிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறை நன்றாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்தினால் பஸ் சத்தம் இல்லை, ஆள் சத்தம் இல்லை, வெளியே பாளையங்கோட்டை என்று ஒரு ஊர் இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது. மண்டைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுகிற எந்திரம் நடுவில் பளபளவென்று நிற்கிறது. எங்கள் காலத்துத் தாளும் பேனாவும் போய் டேப்லெட் வந்துவிட்டது. ஒரு நோயாளியின் மதிப்பெண்ணைக் காட்டினீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்காமல் இருந்தவர், இப்போது முழு மதிப்பெண், திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகலாம் என்று கடிதம் கொடுக்கப் போகிறோம் என்றீர்கள்.

நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். அவர் என்ன வேலை செய்கிறார்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். ஒரு தம்பி கோப்பைத் தேடி ஓடினார். இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்த கேள்வி, அவர் பரிசோதனை செய்யும்போது டேப்லெட்டை யார் பிடித்துக்கொண்டிருந்தது? இதோ, முன்வரிசையில் இருக்கிற இந்தப் பிள்ளை சந்தோஷமாகச் சொன்னாள்: "நான்தான் மேடம். பேஷன்ட்டுக்கு இடப்பக்கமா நின்னு பிடிச்சுக்கிடுவேன். இல்லாட்டி ஆடும்லா?"

ஆடட்டுமே தாயே! ஆடி விழுந்து உடையட்டுமே!

உன்னைத் திட்டவில்லை, அழாதே. இதே காரியத்தை நான் செய்திருக்கிறேன். செய்து ஒரு மனுஷனை நாசமாக்கியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

எங்கள் மருத்துவமனைக்கு இந்த எந்திரம் வந்த முதல் வருடம். விக்கிரமசிங்கபுரம் பக்கத்திலிருந்து சுடலைமுத்து என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பாபநாசம் மலையடிவாரத்துக் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றிக் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டு, சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. மூளையின் வலப்பாதியில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. கையும் காலும் சீக்கிரமே தேறிவிட்டன. நடந்தார், பேசினார், கேலி பேசினார். கண் மருத்துவர் பார்த்துவிட்டுப் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

நான் வார்டுக்குப் போனபோது அவர் மனைவி பேச்சியம்மாள் என்னைத் தனியாக அழைத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அம்மா, அவுஹ எங்கூடப் பேசவே மாட்டேங்காஹ. மூணு நாளாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டார நேரமாயிட்டுன்னு கோவமா இருக்காஹளோ என்னமோ. நான் என்ன செய்வேன், பஸ்ஸு கெடைக்கலய."

அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று பார்த்தேன். கட்டிலுக்கு இடப்பக்கம், ஸ்டூல் போட்டு. ஸ்டூலைத் தூக்கி வலப்பக்கம் போட்டு, இங்கன வந்து உட்காரு என்றேன். உட்கார்ந்த அடுத்த நொடி அவர் சொன்னார்: "ஏ பேச்சி, மூணு நாளா எங்கட்டி போயிருந்த? ஒரு மனுசன் இப்பிடிக் கெடக்கான், எட்டிப் பாக்கணும்னு தோணலயா?"

அவள் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அவர் உன்மேல் கோபமாக இல்லை, நீ இருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. கண் பார்க்கிறது, மூளை அதை எடுத்துக்கொள்வதில்லை. தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் பசிக்கிறது என்பார். வலக் கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொள்வார்.

வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பி, தினமும் வந்துபோகச் சொல்லிச் சிகிச்சை ஆரம்பித்த அன்று பேச்சியம்மாள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். "அடிபட்டது அந்தப் பக்கம்னு சொல்லுதிய. இந்த மிஷின நல்ல பக்கத்துல வச்சுத் தட்டுதிய. உள்ளதையும் கெடுத்துப்புடாதிய அம்மா." நியாயமான கேள்வி. நான் அவளுக்குப் பாயை வைத்துச் சொன்னேன். இரண்டு பேர் ஒரு பாயை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஒருவன் கை தளர்ந்தால் பாய் முழுவதும் மற்றவன் பக்கம் போய்விடும். நம் கவனமும் அப்படித்தான் இரண்டு பாதி மூளைக்கும் நடுவில் நிற்கிறது. இவருக்கு வலப்பாதி தளர்ந்துவிட்டது, இடப்பாதி எல்லாவற்றையும் வலப்பக்கமாக இழுக்கிறது. அந்த இழுப்பைக் கொஞ்சம் குறைக்கத்தான் நல்ல பாதியின்மேல் மெதுவாகத் தட்டுகிறோம்.

"அப்போ கொழுத்தவன அடக்கி வச்சு நோஞ்சானுக்கு எடம் குடுக்கிய," என்றாள். நீங்கள் காலையில் போட்டுக் காட்டிய படங்களில் ஒன்றுகூட இவ்வளவு தெளிவாக இல்லை.

தினமும் எந்திரம் முடிந்த பிறகு பரிசோதனை. தாள் முழுக்க எழுத்துகள் இறைந்து கிடக்கும், அதில் 'க' இருக்கிற இடத்தையெல்லாம் அடிக்க வேண்டும். முதல் நாள் வலது ஓரத்தில் மட்டும் அடித்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். நாலாம் நாள் நடு வரைக்கும் வந்தார். பத்தாம் நாள் இடது கோடி வரை ஒன்று விடாமல் அடித்தார்.

நான் கை தட்டினேன். ஆமாம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுந்து நின்று கை தட்டினேன். எத்தனையோ வருடம் இந்த நோயோடு மல்லுக்கட்டியவளுக்கு ஒரு எந்திரம் வந்து பத்து நாளில் செய்து காட்டினால் எப்படி இருக்கும்! அவர் என் முகத்தைப் பார்த்து, "அப்போ வண்டி எடுக்கலாம்லா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுங்க அண்ணாச்சி," என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன்.

செய்தி பரவியது. நிர்வாகி கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எந்திரத்துக்கு முன்னால் சுடலைமுத்துவை உட்கார வைத்து, "கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு அண்ணாச்சி. இந்த மிஷின்தான் எனக்கு வாழ்வு குடுத்துதுன்னு சொல்லும்வே," என்றார். அவரும் சொன்னார். பள்ளி திறக்க நாலு நாள்தான் இருந்தது. திங்கட்கிழமைக்குள் மருத்துவமனைக் கடிதம் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று வேன் முதலாளி சொல்லியிருந்தார். மருத்துவர் தலையை நிமிர்த்தவேயில்லை. "நீங்க எழுதிக் கொண்டாங்க மேடம், நான் கையெழுத்துப் போடுதேன்," என்றார். எழுதினேன், போட்டார். சனிக்கிழமை மதியம் அந்தக் கடிதம் என் பையில் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று கேன்டீனுக்குப் போனேன்.

கேன்டீன் ஒரு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாம்பார் வாளி இடிக்கும், டோக்கன்காரன் கத்துவான், டிவியில் ஒருத்தி அழுவாள். சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே கிட்டே போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் முன்னால் கிடந்த இலையின் நுனி வலப்பக்கம் இருந்தது.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் எந்த வீட்டில் அப்படி இலை போடுவார்கள்? நுனி உண்கிறவனின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது பால் மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். பேச்சியம்மாளுடைய இலை ஒழுங்காகத்தான் கிடந்தது. அவர் இலையில் வலப்பாதி புதிதாகப் பரிமாறியதுபோல் இருந்தது, இடப்பாதி துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. அவர் வலப்பாதிச் சோற்றைத் தின்று முடித்ததும் அவள் இலையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறாள். மிச்சப் பாதி வலப்பக்கம் வந்துவிட்டது.

"என்ன இது?" என்றேன்.

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. "வீட்டுக்குப் போன நாள்லயிருந்து அப்பிடித்தாம்மா. திருப்பி வைக்கலன்னா பாதிச் சோறு கெடையாக் கெடக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கடுதாசி குடுப்பியளா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். ஆனால் அவள்மேல் என்ன தப்பு? பத்து நாளாக அந்த அறைக்குள் அவளை நான் விட்டதேயில்லை. தொந்தரவு என்று வெளியே உட்கார வைத்திருந்தேன். ஒரு வார்த்தை, வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார் என்று ஒரே ஒரு வார்த்தை அவளிடம் கேட்டதில்லை.

பையிலிருந்து அதே மாதிரிப் பரிசோதனைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். பறக்காமல் இருக்கத் தண்ணீர் டம்ளரைத் தாளின் வலது ஓரத்தில் வைத்தேன். எதிரே உட்கார்ந்துகொண்டேன். "அடிங்க அண்ணாச்சி," என்றேன். அவர் உற்சாகமாக அடித்தார். வலப்பாதியை முடித்தார். பேனாவை மூடினார். "முடிஞ்சிட்டு," என்றார்.

இடப்பாதியில் ஒரு கோடுகூட இல்லை.

நேற்றுவரை முழு மதிப்பெண் வாங்கிய மனுஷன்! எனக்கு ஒன்றும் ஓடவில்லை. டம்ளரை எடுத்துவிட்டேன். தாள் காற்றில் தூக்கியது. எழுந்து அவருக்கு இடப்பக்கம் போய், கையை நீட்டித் தாளின் இடது ஓரத்தை அமுக்கினேன். வளையல் மேசையில் பட்டுச் சலசலத்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் தலை இடப்பக்கம் திரும்பியது. "அட, இங்கன வேற கெடக்கா?" என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் வரிசையாக அடிக்க ஆரம்பித்தார்.

என் கை. என் வளையல். தெரபி அறையில் தலைக்குமேல் மின்விசிறி ஓடும், தாள் பறக்கும். தினமும் நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, இடது ஓரத்தைக் கையால் அமுக்கிக்கொண்டுதான் பரிசோதித்தேன். நாலு நாள் போனதும் எனக்கே அவர் தேறவேண்டும் என்று அவசரம் வந்திருக்கும், கை சும்மா இருந்திருக்காது. அந்த எந்திரம் அவருக்கு எவ்வளவு நல்லது செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ செய்திருக்கலாம். ஆனால் நான் அளந்தது அதை இல்லை. நான் அளந்தது என் வளையல் சத்தத்தை. அதற்குத்தான் கை தட்டினேன்.

அதற்குள் நிர்வாகி வந்துவிட்டார். "என்ன மேடம் இது, கேன்டீன்ல வச்சு டெஸ்ட்டா? இந்தச் சத்தத்துல எனக்கே தலை சுத்துது. யாருக்குத்தான் கவனம் நிக்கும்?"

"இருபது பிள்ளைங்க கத்துற வேன்ல இவருக்கு நிக்கணும் சார்," என்றேன். "ரூமுக்குள்ள உக்காந்து 'க' அடிக்கிற வேலைக்கா கடிதம் கேக்காரு?"

"வீடியோ போட்டாச்சு மேடம். ஊரே பாத்துட்டு. வேன் ஓனரே போன் போட்டுச் சந்தோசப்பட்டாரு. இப்பப் போயி இல்லைன்னா மிஷினுக்குல்லா கெட்ட பேரு?"

"எடுத்துருங்க வீடியோவ. மிஷின்மேல ஒரு தப்பும் இல்ல. கெட்ட பேரு எனக்கு வரட்டும்."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. டோக்கன்காரனே வாயை மூடிவிட்டான். அந்த அமைதியில் சுடலைமுத்து எழுந்தார். நடந்தது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது.

"ஏம்மா, நீங்கதான எடுக்கலாம்னிய? கை தட்டுனியளே! இப்ப என் சோத்துல மண்ணள்ளிப் போடுதியளே! எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, கேட்டியளா? பதினெட்டு வருசமா ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல!"

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கடுதாசிய மட்டும் குடுத்துருங்க. நானும் வண்டியில போவுதேன். அவுஹளுக்கு இடப்பக்கமா உக்காந்து, ஆள் வருது, மாடு வருதுன்னு சொல்லிக்கிட்டே வாரேன். தெனமும் வாரேன்."

இதைச் சொன்னபோது அவள் விளையாடவில்லை. அவள் அப்படிச் செய்திருப்பாள், அதுதான் பயங்கரம். என் வாழ்க்கையில் நான் பட்ட நெருக்கடி எல்லாம் ஒரு பக்கம், அந்த நிமிடம் ஒரு பக்கம். மருத்துவர் கையெழுத்து இருக்கிறது, முழு மதிப்பெண் இருக்கிறது, நிர்வாகி தலையாட்டுகிறார், பெண்டாட்டி கெஞ்சுகிறாள். கொடுத்துவிட்டால் என்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

நான் அவர் எதிரே போய் நின்றேன். "அண்ணாச்சி, என் மூக்கைப் பாருங்க. எந்த விரல் ஆடுதுன்னு சொல்லுங்க." இரண்டு கையையும் விரித்து, அவருக்கு இடப்பக்கம் இருந்த விரலை மட்டும் ஆட்டினேன். "அன்னா, அந்த விரல்," என்றார் சரியாக. வலப்பக்கம் ஆட்டினேன். சொன்னார். இரண்டையும் சேர்த்து ஆட்டினேன்.

"இது," என்று வலப்பக்கத்தைக் காட்டினார்.

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

மறுபடி ஆட்டினேன். மறுபடியும் ஒன்று என்றார். இடப்பக்கம் தனியாக இருந்தால் தெரிகிறது. வலப்பக்கத்தில் இன்னொன்று அசைந்துவிட்டால் இடப்பக்கம் அழிந்துபோகிறது. எங்கள் அமைதியான அறையில் வலப்பக்கம் அசைய என்ன இருந்தது? ஒன்றுமில்லை. தெருவில் எப்போதும் ஏதாவது அசையும்.

மூன்றாம் முறை ஆட்டும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண் ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போய்ப் போய் வந்தது. வாயில் சேலையைத் திணித்திருந்தாள். பிறகு அவர் நாற்காலியைத் தடவிப் பைய உட்கார்ந்தார்.

"வேனுக்குக் கதவு இடப்பக்கம்லா இருக்கு," என்றார். "பிள்ளையள்லாம் அங்கனதான ஏறும்."

கடிதத்தை எடுத்து அவர் கண்முன்னால் கிழித்தேன். அவர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. கை கழுவாமலே எழுந்து போனார்.

பிள்ளைகளைக் காப்பாற்றிய வீரக்கதை என்று இதை நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். அந்த மனுஷன் மறுபடி சிகிச்சைக்கு வரவேயில்லை. நான் போன் போட்டேன், ஆள் அனுப்பினேன். ஏன் வருவார்? தேறிவிட்டாய் என்று கை தட்டினவளே இரண்டு நாளில் தேறவில்லை என்று ஊர் முன்னால் கிழித்தால் யார் வருவார்? பத்தாம் நாள் கை தட்டாமல் உண்மையான அரை மதிப்பெண்ணைக் கையில் கொடுத்து, இன்னும் வழி கிடக்கிறது அண்ணாச்சி என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார். அடிபட்ட மூளை பழகிப் பழகி இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும். எவ்வளவு திரும்பியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான் கெடுத்தேன்.

ஆகவே உங்கள் நோயாளிக்குத் திங்கட்கிழமை அந்தக் கடிதம் போகக் கூடாது. அவரை மதியம் ஒரு மணிக்கு உங்கள் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எதிரே உட்காருங்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள், வாயையும்தான். அவர் வீட்டுக்காரி வந்திருந்தால் அவளிடம் கேளுங்கள், அவள் எந்தப் பக்கம் உட்காருகிறாள், ஏன் அங்கே உட்காருகிறாள் என்று. அந்தத் தம்பி கோப்போடு திரும்பி வந்தால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்கும் சொல்லுங்கள். எந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அது தட்டச் சொன்ன இடத்தில் தட்டுகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

போன ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போயிருந்தேன். குளித்துவிட்டுக் கோயில் வாசலுக்கு வந்தால் தேங்காய் பழக் கடையில் பேச்சியம்மாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நல்லா இருக்கியளா? எவ்வளவு நாளாச்சு!" கடைக்குள் சுடலைமுத்து உட்கார்ந்து பூச்சரத்தை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பேச்சியம்மாளை விட்டுக் கடையைச் சுற்றிப் போய், யோசித்துப் பார்த்து, அவருக்கு வலப்பக்கம் நின்றேன். அங்கே நின்றால் அவருக்கு நிச்சயம் தெரியும்.

தெரிந்தது. தலையைத் தூக்கி என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு குனிந்து பூவை நறுக்க ஆரம்பித்தார். பேசவில்லை.